ஜே.ஆர். செய்து வைத்த நாற்காலி

தரம் 10 குடியியல் பாடத்தில் நிறைவேற்று ஜனாதிபதி முறை வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பது, இதை யார் கொண்டு வந்தார் என்பதுதான். பெயரைச் சொல்லிவிடலாம். அந்த மனிதர் இதற்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்த கதையைச் சொல்லத்தான் பாடவேளை போதாது.

1906 செப்டெம்பர் 17 இல் கொழும்பில் ஒரு நீதியரசரின் மகனாகப் பிறந்தவர் ஜூனியஸ் ரிச்சர்ட் ஜயவர்தன. 1947 இல் நாட்டின் முதலாவது நிதியமைச்சர். பாராளுமன்றத்தில் தங்கியிராத ஒரு தலைவர் நாட்டுக்குத் தேவை என்று 1966 டிசம்பரிலேயே பகிரங்கமாகப் பேசினார். அவரது கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்க அதை விரும்பவில்லை. 1973 இல் டட்லி மறைந்தார், கட்சி ஜே.ஆரின் கைக்கு வந்தது. 1977 ஜூலையில் 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. அதற்குப் பிறகு தடுக்க யார் இருந்தார்கள்?

1978 பெப்ரவரி 4 இல் ஜனாதிபதியானார். செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு வந்தது. பதவியில் இருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடர முடியாது. 1980 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழு வருடங்களுக்குப் பறிக்கப்பட்டது. 1982 இல் தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வருடம் டிசம்பர் 22 இல், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பை நடத்தி, அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடங்களுக்கு நீடித்தார். என்னைக் கேட்டால், அவர் செய்தவற்றில் மிகப் பெரிய பிழை இதுதான். ஏழு மாதம் கழித்து வந்த கறுப்பு ஜூலையை யாரும் மறக்கவில்லை.

வினாயகபுரம் தொடங்கி கல்முனை வரையான நமது கரையோரத்துக்கு அந்த நாற்காலியின் பலம் தெரிந்தது 1987 ஜூலை 29 இல். இந்திய இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒன்றாக்கியது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான முஸ்லிம்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழக்கு மக்களிடம் கேட்பதாகச் சொன்ன வாக்கெடுப்பும் நடக்கவேயில்லை. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதியின் பிரகடனத்தால் இணைந்த மாகாணங்களைப் பிரிக்க, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முழு நாடும் ஒரே தொகுதி என்பதால் இம்முறை சிறுபான்மைக்குப் பாதுகாப்பு என்று வாதிடுவோர் நம்மிடையே உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. 1988 இல் மர்ஹூம் அஷ்ரப், வேட்பாளர் பிரேமதாசவிடம் பேசி, 12.5 வீதமாக இருந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாக்க வைத்தார். ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர், டிசம்பர் 17 இல், 15 ஆவது திருத்தமாக அது சட்டமானது. மறு வருடம் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்களோடு பாராளுமன்றம் போனது. ஆனால் அது நெருக்கமான போட்டி நேரத்தில் கிடைத்த பேரம். வாக்கு எண்ணி முடிந்த பிறகு நம்மிடம் பேசுவதற்கு அந்த நாற்காலிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

1989 ஜனவரியில் ஜே.ஆர். ஓய்வு பெற்றார். 1996 நவம்பர் 1 இல், 90 வயதில் காலமானார். இம்முறையை ஒழிப்பதாக 1994 இல் வாக்குறுதி கொடுத்து வென்ற சந்திரிகா அப்போது அந்த நாற்காலியில் இருந்தார்.