வேடமும் மனமும்



டயகமவிலிருந்து கொழும்புக்குத் தொழில் தேடிச் செல்லும் நம் இளையோர் சிலரிடம் சொந்த ஊர் எதுவென வினவினால், நுவரெலியா என்று கூறி நிறுத்திக்கொள்கின்றனர். தோட்டத்தின் பெயர் நாவில் வருவதில்லை. இக்கூச்சம் அவர்களுடைய குற்றமன்று. தலைமுறைகளாகக் கேட்ட ஏளனச் சொற்கள் உள்ளத்தில் விட்டுச்சென்ற தழும்பு அது. ஆயினும் அதன் காரணத்தை உணராமல் சுமந்து திரிவோமாயின், நம்மை நாமே வெறுக்கப் பழகிவிடுவோம். இத்தீவின் முதற் புனிதரான யோசேவாஸ் அடிகளாரின் வாழ்க்கை இங்கு நமக்கு வழிகாட்டுகிறது.

அவர் 1651ஆம் ஆண்டு கோவாவின் பெனாவுலிம் ஊரில், அந்தணர் மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். மறு ஆண்டே, தம்மை அன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்துச் சாசனம் எழுதினார். குலப்பெருமை மிகுந்த சமூகத்தில் பிறந்தவர், தமது மதிப்பு குலத்தில் இல்லை என்பதைத் தம் கைப்படவே எழுதிவைத்தார்.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இலங்கையின் கரையோரத்தில் இடமில்லாதிருந்தது. 1687இல் அடிகளார் கூலியாளின் உடையில், யோவான் என்னும் உதவியாளருடன் தூத்துக்குடியில் கப்பலேறி, மன்னாரை அடைந்து யாழ்ப்பாணம் சென்றார். பிற்காலத்தில் நம் முன்னோரும் கூலிகள் என்ற பெயருடன் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக இம்மலைகளுக்கு நடந்து வந்தனர் அல்லவா? யாழ்ப்பாணத்தில் கடும் வயிற்றோட்டத்தால் நலிந்து கிடந்த அவரை ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காத்தாள் என்பர். பிறர் தயவில் உயிர் பிழைத்ததை அவர் இழிவாகக் கருதவில்லை. உடல் தேறியதும், கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாக யாசித்து, மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைத் தேடினார்.

அவரும் தம்மை மறைத்தார். நம் பிள்ளைகளும் மறைக்கின்றனர். இரண்டும் ஒன்றா? அடிகளார் மறைத்தது மக்கள்மீது கொண்ட அன்பினால். தாம் யார் என்பதில் அவருக்கு வெட்கமில்லை. வேடம் உடலில் இருந்தது, மனத்தில் இல்லை. வெட்கத்தினால் மறைப்பவருக்கோ வேடம் மனத்திலேயே ஒட்டிக்கொள்கிறது.

1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அங்கிருந்தே சிங்களம் கற்றார். 1697இல் பெரியம்மை பரவி, நோயுற்றோரை உறவினரே கைவிட்டு அகன்றபோது, தம் மருமகனான கர்வாலோ அடிகளாருடன் அவர்களுக்கு உணவளித்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார்.

பின்னாளில் ஆயர் நிலைக்கு உயர்த்தும் எண்ணம் எழுந்தபோது, அதனை ஏற்க மறுத்தார். இதைத் தாழ்வு மனப்பான்மை எனக் கொள்ளலாகாது. தாழ்வு மனப்பான்மை கொண்டவர் பொறுப்புக்கு அஞ்சுவார். அடிகளாரோ இலங்கைப் பணியின் தலைமைப் பொறுப்பை இறுதிவரை சுமந்தவர். அவர் தவிர்த்தது பட்டத்தை மட்டுமே. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறையடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

தன்னை ஏற்றுக்கொள்வது அநீதிக்கு அடங்கிப்போவதன்று. குறைந்த கூலியையும் ஒழுகும் கூரையையும் இறைசித்தம் என்று ஏற்கவேண்டியதில்லை. தன்னை மதிப்பவரே தம் உரிமையைத் தலைநிமிர்ந்து கேட்க வல்லவர்.

பெற்றோரே, இன்றைய இரவுச் செபத்தின்பின் பாட்டன் பாட்டி நடந்து வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இளையோரே, இன்று எதை மறைத்தேன், அன்பினாலா, வெட்கத்தினாலா என உங்கள் மனத்தைக் கேளுங்கள். விடை வெட்கம் என்றிருந்தால் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் உங்களையும் உங்கள் லயத்தின் வாசலையும் அறிந்தவர்.

புனித யோசேவாஸ் அடிகளார் நமக்காக மன்றாடுவாராக.