‘ஓசிச்சோறு’ என்று ஊர் சிரித்தது: உடைந்த தட்டுகளால் வீட்டையும் தோட்டத்தையும் இழைத்த ரேமோன் இசிதோர் யார்?

பிரெஞ்சு மொழியில் ‘பிக்-அசியெட்’ என்று ஒரு வசைச்சொல் உண்டு. அடுத்தவர் தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறவர் என்று பொருள். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஓசிச்சோறு. இன்றைக்கு உலகம் முழுக்கக் கைவினை செய்கிறவர்களிடம் அதே சொல்லைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உடைந்த தட்டு, கோப்பை, தேநீர்க் கெண்டி இவற்றின் சில்லுகளைப் பூந்தொட்டியிலும் தோட்டத்துச் சுவரிலும் பதிக்கும் வேலைக்குத்தான் இப்போது அந்தப் பெயர்.

ஒரு வசவு எப்படிக் கலையின் பெயரானது? அதற்குக் காரணமாகப் பெரும்பாலும் சுட்டப்படுபவர் ஓவியக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காதவர். கல்லறைத் தோட்டத்தில் பெருக்கும் வேலை பார்த்தவர். பெயர் ரேமோன் இசிதோர்.

சார்த்ர் ஊர்க்காரர்

பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சார்த்ர் நகரம். அங்குள்ள பேராலயமும் அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் உலகப் புகழ் பெற்றவை. குறிப்பாக அந்த நீலம். ‘சார்த்ர் நீலம்’ என்று நிறத்துக்கே ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள கோதுமை வயல்களில் எங்கே நின்று பார்த்தாலும் ஆலயத்தின் இரண்டு கோபுரங்களும் கண்ணில் படும்.

1900 செப்டம்பரில் அந்த ஊரில் பிறந்தார் இசிதோர். ஏழைக் குடும்பம். உலோக வார்ப்படப் பட்டறையில் கொஞ்ச காலம், சாலைப் பராமரிப்பில் கொஞ்ச காலம் என்று கிடைத்த வேலையைப் பார்த்தார். 1924இல் அத்ரியேன் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அத்ரியேன் கணவரை இழந்தவர், இவரைவிடப் பதினோரு வயது மூத்தவர், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். ஒரே நாளில் நாலு பேருக்குப் பொறுப்பாளியானார் அந்த இளைஞர்.

சேர்த்த காசில் ஊர் ஓரமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, 1930 வாக்கில் தன் கையாலேயே சின்னதாக ஒரு வீடு கட்டினார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பக்கம் அது. தெருவின் பெயர் ‘ரூ த்யு ரெப்போ’. தமிழில் சொன்னால் ஓய்வுத் தெரு. அந்தத் தெருவில் ஓய்வே எடுக்காத ஒரே ஆள் அநேகமாக இவராகத்தான் இருந்திருப்பார்.

முதல் சில்லு

எல்லாம் ஆரம்பித்தது நடைப்பயிற்சியில். 1938 வாக்கில், வயல்வெளியில் நடந்து போகும்போது மண்ணில் மின்னிய கண்ணாடித் துண்டுகளும் பீங்கான் சில்லுகளும் அவர் கண்ணில் பட்டன. நிறம் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார். திட்டம் எதுவும் கிடையாது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அப்படியே தோட்டத்து மூலையில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. இதை வைத்து என்ன செய்வது என்ற யோசனை அதற்கப்புறம்தான் வந்தது. பொருள் முதலில், எண்ணம் பிறகு. பழைய சாமான் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வரிசை நன்றாகப் புரியும்.

முதலில் வீட்டுக்குள் சுவர்களில் பதித்தார். சிமெண்ட் கலவையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சில்லுகளை அழுத்திவிடுவது. சுவர் முடிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அழகான வீடு என்று நாலு பேர் பாராட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. மேசை, நாற்காலி, கட்டில், அடுப்பு, வானொலிப் பெட்டி, மனைவியின் தையல் இயந்திரம் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றின் மீதும் சில்லு ஏறியது. தையல் இயந்திரத்தின் மேல் பூப்பூவாகப் பீங்கான்! வீட்டுச் சாமான் உடைந்து சில்லாகி, அந்தச் சில்லு இன்னொரு வீட்டுச் சாமானின் மேல் போய் உட்கார்ந்த கதை அது.

இந்த இடத்தில் அத்ரியேனை நினைக்காமல் கடந்துபோக முடியாது. அது அருங்காட்சியகம் இல்லை, குடும்பம் நடக்கிற வீடு. சமைப்பதும் தூங்குவதும் அதே அறைகளில்தான். அந்தப் பெண் இதையெல்லாம் எப்படித் தாங்கினார் என்பதைவிட, அவர் தாங்கியதால்தான் இது நடந்தது என்று சொல்வதே நியாயம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1939இல் போர் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பத்திரமான இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 1940இல் ஜெர்மன் படை ஊருக்குள் நுழைந்தது. ஊரின் பெரிய ஆலயம் நிறம் இழந்து நின்ற அந்த ஆண்டுகளில், அதே ஊரின் ஓரத்தில் ஒருவர் குப்பையில் கிடந்த நிறங்களைப் பொறுக்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் இரண்டையும் இணைத்துப் பார்த்தாரா என்பது வேறு விஷயம். ஆனால் அவருடைய சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் உருவம் சார்த்ர் பேராலயம்தான்.

வாசலைத் தாண்டிய வேலை

உள்ளே இடம் தீர்ந்ததும் வெளியே வந்தார். வெளிச்சுவர், நடைபாதை, முற்றம், பூந்தொட்டி, தோட்டத்து இருக்கை எதுவும் தப்பவில்லை. வயலில் கிடைப்பது போதாமல், ஊர்க் குப்பைமேடுகளுக்குப் போய்த் தேடினார்.

1949இல் செயின்ட் செரோன் கல்லறைத் தோட்டத்தில் பெருக்கும் வேலை கிடைத்தது. பகலில் இறந்தவர்களின் இடத்தைச் சுத்தம் செய்வது, மிச்ச நேரத்தில் உடைந்தவற்றைச் சேர்ப்பது. 1950களில் அவருடைய ஆசை பெரிதானது. வீட்டை ஒட்டி ஒரு சிறு வழிபாட்டுக் கூடம் கட்டி, அதையும் சில்லுகளால் மூடினார். உள்ளே நீலம் ததும்பும். அதை அடுத்துக் கறுப்பும் சாம்பலுமான சில்லுகளால் ஒரு முற்றம். கல்லறையின் சாயல் அதில் அப்படியே தெரியும். அங்கே ஒரு சிம்மாசனமும் உண்டு. அரசனுக்கு அல்ல, துடைப்பக்காரருக்கு.

அந்த இருட்டு முற்றத்தைக் கடந்தால் தோட்டம். இங்கேதான் அவர் கை முழுவதுமாக அவிழ்ந்தது என்று சொல்ல வேண்டும். செடிகளுக்கு நடுவே சிலைகள், சில்லு போர்த்திய தொட்டிகள், சுவர் நீளத்துக்கு எருசலேம் நகரத்தின் கோபுரங்களும் மாடங்களும். அவர் ஒருபோதும் பார்த்திராத நகரம் அது. பூ வாடினாலும் பக்கத்தில் பீங்கான் பூ வாடாமல் நிற்கும். தட்டின் நடுவில் இருக்கும் ரோஜாவை உடைக்காமல் தனியே வெட்டி எடுத்து, அதைச் சுற்றி மற்ற சில்லுகளை இதழ்போல அடுக்கினால் ஒரு பெரிய பூ. இந்த வேலையின் விளையாட்டே இதில்தான் இருக்கிறது. கடையில் வாங்கிய மொசைக் கல்லில் இது வராது. ஏற்கெனவே யாரோ ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி தீட்டிய பூவின் மேல் இன்னொரு கை ஏறுகிறது.

மொத்தமாக 29,000 மணி நேர உழைப்பு, 15 டன் சில்லு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சுமார் 24 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு மூன்றேகால் மணி நேரத்துக்குமேல் வரும். ஞாயிறு, பண்டிகை, மழை, காய்ச்சல் எல்லாம் சேர்த்து. வேலைக்குப் போய்க்கொண்டே.

பெயர் வந்த கதை

குப்பைமேட்டில் தட்டு பொறுக்கும் ஆளை ஊர் எப்படிப் பார்க்கும்? சிரித்தது. கிறுக்கு பிடித்துவிட்டது என்றது. தட்டைப் பொறுக்குகிறார் என்பதால் ‘பிக்-அசியெட்’ என்ற வசவு லேசாகப் பொருந்திவிட்டது. அப்போது பிரான்ஸில் பிகாசோ பெயர் தெரியாதவர் இல்லை. புரியாத படம் எதைப் பார்த்தாலும் பிகாசோ என்று கிண்டலடிப்பது வழக்கம். இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘பிக்காசியெட்’ ஆக்கினார்கள். தட்டுப் பிகாசோ. கேலி செய்தவருக்கு நல்ல நாக்கு இருந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ரொபேர் துவானோ அவரைப் படம் எடுத்தார். முறையான பயிற்சி இல்லாதவர்களின் கலையை ‘ஆர் புருட்’ என்று பெயரிட்டு ஓவியர் ழான் துபுஃபே 1940களின் நடுவிலேயே தேடத் தொடங்கியிருந்தார். அதனால் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கும் கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிக்கொண்டிருந்தன. ஆனால் அது பாரிஸில் இருந்த கண். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் பழைய பிக்காசியெட்தான்.

இசிதோரின் கடைசி ஆண்டுகள் இலகுவாக இல்லை. 1962 வாக்கில் வேலை நின்றுபோனது. உடலும் மனமும் தளர்ந்திருந்தன. 1964 செப்டம்பரில் ஒரு புயல் இரவில் வீட்டை விட்டு வெளியே போய்விட்டார். நினைவு தடுமாறி, களைத்துப்போன நிலையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். செப்டம்பர் 7 அன்று காலமானார். அடுத்த நாள் அவருடைய 64ஆவது பிறந்தநாள்.

வீடு எப்படித் தப்பியது?

இந்த மாதிரி வீடுகளுக்கு ஆபத்து வருவது கட்டியவர் போன பிறகுதான். விற்றால் வாங்குகிறவர் முதலில் சுரண்டி எறிவது இந்தச் சில்லுகளைத்தான். அமெரிக்காவில், உடைந்த பாட்டிலும் ஓடும் பதித்து சைமன் ரோடியா கட்டிய வாட்ஸ் கோபுரங்களை இடிக்கச் சொல்லி லாஸ் ஏஞ்சலிஸ் நகர நிர்வாகமே உத்தரவிட்டது. 1959இல் இழுவைச் சோதனை நடத்தி, கோபுரம் அசையவில்லை என்று நிரூபித்த பிறகுதான் விட்டார்கள். சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையல், பீங்கான், கழிவறைச் சாமான்களால் ரகசியமாக உருவாக்கிய பாறைத் தோட்டமும் அரசு நிலத்தில் சட்டவிரோதமாக எழுந்ததுதான். மக்கள் ஆதரவால் தப்பி 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இசிதோருக்கு ஒரு வசதி இருந்தது. நிலம் சொந்தம். ஆனாலும் சார்த்ர் நகராட்சி அந்த வீட்டை வாங்கியது 1981இல்தான், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து. 1983இல் அது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அஞ்சல்காரர் ஃபெர்தினான் ஷெவால் தனியாளாகக் கல் பொறுக்கிக் கட்டிய மாளிகைக்கு 1969இலேயே அந்தப் பாதுகாப்பு கிடைத்திருந்தது, அது ஒரு முன்னுதாரணம். இப்போது சார்த்ருக்கு வரும் பயணிகள் பேராலயத்தைப் பார்த்துவிட்டு ஓய்வுத் தெருவுக்கும் போகிறார்கள். சர்வதேச மொசைக் கலைக் கண்காட்சிகளும் அந்த ஊரில் நடக்கின்றன. ஒரு காலத்தில் கேலி செய்த ஊர்தான். ஊர் மாறுவதற்குச் சுற்றுலா வருமானமும் ஒரு காரணம் என்று சொன்னால் தப்பில்லை.

கவுடி செய்ததும் இதுவும் ஒன்றா?

பார்சிலோனாவின் குவெல் பூங்காவில் கவுடியும் அவருடைய கூட்டாளிகளும் உடைந்த ஓடுகளைப் பதித்தது இதற்கு முன்பே. அதற்கு ‘திரெங்காதீஸ்’ என்று பெயர். நம் ஊர் மொட்டைமாடிகளில் வெயில் சூட்டைக் குறைக்க வெள்ளை ஓட்டுச் சில்லு பதிப்பார்களே, தொழில்நுட்பம் கிட்டத்தட்ட அதேதான். வேறுபாடு பொருளில் இருக்கிறது. பிக்-அசியெட் வேலையில் முக்கியம், அந்தச் சில்லு முன்பு என்னவாக இருந்தது என்பது தெரிய வேண்டும். கோப்பையின் காது கோப்பையின் காதாகவே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கலாம்.

வீட்டில் ஒரு மண்தொட்டியில் முயன்று பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது சில உண்டு. உடைக்கும்போது தட்டைச் சாக்குக்குள் வைத்துத் தட்ட வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தண்ணீர் படும் இடத்தில் சாதாரண வெள்ளைப் பசை நிற்காது. டைல்ஸ் ஒட்டும் கலவை வேண்டும். சில்லுகளுக்கு இடையிலான சந்தை நிரப்பிய பிறகு கூரான முனை எதுவும் வெளியே துருத்தக் கூடாது, குழந்தைகள் தடவிப் பார்ப்பார்கள்.

பீங்கான் நிறம் வெயிலில் மங்காததற்குக் காரணம், அது சூளையில் சுட்டு ஏற்றிய நிறம். மேலே கண்ணாடி போன்ற மெருகு. ஆனால் மலிவான தட்டுகளின் உடல் நுண்துளை நிறைந்தது. ஓரம் உடைந்த சில்லில் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். நம் ஊரில் அது காய்ந்துவிடும். சார்த்ரின் குளிரில் உள்ளே போன நீர் உறையும். உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரியும், மெருகு செதிலாகத் தெறிக்கும். அடியில் சிமெண்டும் விரிசல் விடும். அதனால் இசிதோரின் வெளிச்சுவர்களுக்கும் தோட்டத்துக்கும் பராமரிப்பு என்பது முடியாத வேலை. வீட்டுக்குள் இருக்கும் அத்ரியேனின் தையல் இயந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை.