குரலால் கோட்டை கட்டிய சங்கரதாஸ் சுவாமிகள்

உசிலம்பட்டி வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் இரவு முழுவதும் நாடகம் உண்டு. வள்ளி திருமணமோ அரிச்சந்திரனோ நடக்கும். ஆர்மோனியக்காரர் சுதி பிடிப்பார், மிருதங்கம் முழங்கும். 'ஆல்ரவுண்டு' கலைஞர் கையில் இருக்கும் கருவிகளைக் கொண்டே கோமாளி விழும் சத்தத்தையும் சண்டையின் அதிர்ச்சியையும் எழுப்பிவிடுவார். திரைக்குப் பின்னிருந்து வரும் பாட்டைக் கேட்டதுமே வருவது யார் என்று மக்களுக்குத் தெரிந்துவிடும். இந்த நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் வகுத்துத் தந்தவர், தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24-ம் வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடக மேடை ஏறினார்.

பயங்கரக் குரல்

அந்நாளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் பாட்டு விழவேண்டும். சுவாமிகளுக்கோ சிம்மக் குரல். எமன், சனீஸ்வரன், இரணியன் வேடங்களில் அவர் தோன்றினால் கொட்டகை நடுங்கும்.

அந்தக் குரலே அவருக்கு வினையாயிற்று. சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்து அவர் போட்ட ஆவேசக் கூச்சலைக் கேட்டு, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணியின் கரு கலைந்துவிட்டதாம். இத்தகைய நிகழ்ச்சிகளால் மனம் நொந்துதான் அவர் வேடம் போடுவதையே விட்டார் என்று நாடக உலகில் சொல்வார்கள்.

வாத்தியார் ஆனார்

நடிகர் மறைந்தார், ஆசிரியர் பிறந்தார். புதுக்கோட்டை லய மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிள்ளைபோல் வைத்துக் காத்தார். அங்கே பெற்ற தாள ஞானம் அவருடைய பாட்டுகளின் சந்தத்தில் துள்ளியது. கானகமும் சுடுகாடும் அரண்மனையும் அவருடைய பாட்டிலேயே உருவாயின. திரைச்சீலை காட்டாததைக் காது கண்டுகொண்டது.

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்ற சிறுவர்களே. சிறுவன் சண்முகத்துக்காக ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதி முடித்தார். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் சிறுவனின் கதாநாயக வேடம் பறிபோகும் காலம் அது. ஆகவே குரலே அங்கே செல்வம், உச்சரிப்பே உயிர்.

ஊமையான சிங்கம்

1921-ல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. ஆயிரமாயிரம் பேரை அதிரவைத்த நாக்கு செயலற்றது. ஆனாலும் அவர் சபையை விட்டுப் பிரியவில்லை. பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுக்கொண்டே நாட்களைக் கழித்தார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் மறைந்தார்.

மணம் புரியவில்லை, சொத்து சேர்க்கவில்லை. ஏறத்தாழ 68 நாடகங்களை விட்டுச் சென்றார். திருவிழா இரவில் ஆர்மோனியம் சுதி கூட்டும்போதெல்லாம், பேச்சிழந்து மறைந்த அந்தப் பெருமகனின் குரல் மதுரைச் சீமை எங்கும் மீண்டும் எழுகிறது.