கோச் ஆன வாத்தியார்



ஃபுட்பால் நமக்கு உயிர். அதையே வேலையாக எடுத்துக்கலாமா? கோட்டூர்புரத்தில் சாயந்திரம் பந்து உதைக்கிற பசங்க எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். டீமில் இடம் கிடைக்காவிட்டால் கோச் ஆகிடலாம் என்று சிலர் சுலபமாகச் சொல்லுவாங்க. பிடித்த விளையாட்டை வேலையாக்கினால் அந்த ஆசையே போயிடும் என்று வீட்டில் பயமுறுத்துவாங்க. எனக்கும் கோச் ஆக ஆசை. அதனால்தான் சையத் அப்துல் ரஹீம் அவர்களின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார். கால்பந்தும் நன்றாக ஆடினார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார். மாதச் சம்பளம் வரும் வேலை. அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் மாணவனாகி உடற்கல்வியில் டிப்ளமோ படித்தார்! வேலையை விட்டுவிட்டு ஓடவில்லை. பள்ளியிலேயே விளையாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

1950-இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் கோச் ஆனார். 1950 முதல் 1954 வரை பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி தொடர்ந்து 5 முறை வென்றது. அவர் சொல்லிக் கொடுத்த விதமே தனி. சின்னப் பசங்களுக்கு வலுவில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டி வைப்பார். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு போகக் கூடாது, பாஸ்தான் பண்ணணும் என்று இன்னொரு போட்டி வைப்பார். கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் இரண்டு காலும் பழகும், கூட்டாக ஆடவும் வரும்.

இந்திய அணிக்கும் அவரே கோச். 1951-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம்! ஆனால் 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றோம். நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினாங்க. இப்படித் தோற்றால் யாருக்கும் ஆட்டமே வெறுத்துவிடும். ரஹீமோ புது ஆட்ட முறைகளைப் படித்து அணியை மாற்றினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று 4-ஆம் இடம் பிடித்தோம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம்தான்.

செகந்திராபாத்தில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன். தமிழ்க் குடும்பம், ஏழைக் குடும்பம். தூரத்து மைதானத்துக்குப் பயிற்சிக்கு வர அவரிடம் சைக்கிள் இல்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீம்தான் தினம் ஒரு ரூபாய் கொடுத்தார். பலராம் 1956, 1960 என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஆடினார்!

கடைசியாக 1962, ஜகார்த்தா. ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். பின்வரிசை வீரரான அவரை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4, இறுதிப் போட்டி. மறுபடியும் தென்கொரியா. சுமார் ஒரு லட்சம் பேர் கூட்டம், பெரும்பாலும் நமக்கு எதிராகக் கத்தினாங்க. கோல்கீப்பர் நம்ம பீட்டர் தங்கராஜ். பி.கே.பானர்ஜி ஒரு கோல், அதே ஜர்னைல் ஒரு கோல். 2-1, தங்கம்! 2023 ஹாங்சோ போட்டி வரை அந்தத் தங்கம் நமக்கு மறுபடி கிடைக்கவில்லை. 1963 ஜூன் 11-இல் ரஹீம் மறைந்தார். 2024-இல் வந்த 'மைதான்' இந்திப் படம் இவர் கதைதான்.

நண்பர்களே, எனக்குப் புரிந்தது இதுதான். கோச் வேலை, ஆட முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு இல்லை. அது வேறொரு வேலை. கோல் போடுவது இன்னொருத்தர், மெடல் வாங்குவதும் இன்னொருத்தர். அதைப் பார்த்து நமக்குச் சந்தோஷம் வருமா? வந்தால் கோச் ஆகலாம். வராவிட்டால் சாயந்திரம் ஆடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம், அதுவும் தப்பில்லை. ஆனால் ஆசை மட்டும் போதாது, படிக்கவும் வேணும். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் நந்தனத்திலேயே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. 1920-இல் தொடங்கிய கல்லூரி!

நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை. மே மாத லீவில் ஆறாம் வகுப்புத் தம்பிகளுக்கு இடது கால் போட்டி ஒன்று நடத்தப் போகிறேன். ஒரு மாதம் நான் கோல் போடாமல், அவங்க போடுவதைப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும். வர விரும்பும் தம்பிகள் பி.டி. சாரிடம் பெயர் கொடுக்கவும்!

- ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு