போர்க்கள மருத்துவர் பிரோகோவ்

மாஸ்கோவில் 1810ஆம் ஆண்டு பிறந்த நிக்கோலாய் பிரோகோவ், 14 வயதிலேயே மருத்துவ மாணாக்கராகி, 1836இல் தோர்பத் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். எஸ்தோனியாவின் தார்த்து நகரமே அந்நாளைய தோர்பத். அங்கே அவர் ஆற்றிய செயல் மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. தாம் தவறாகக் கணித்த நோய்களையும், தம் கத்தி பிழைத்த இடங்களையும் தாமே தொகுத்து அச்சேற்றினார். பிழையை மறைக்கலாகாது என்பது அவர் கொள்கை. புகழை மட்டுமே தொகுத்து வைக்கும் வழக்கம் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இருக்க, இவர் வேறு வழி சென்றார்.

1847இல் காக்கசஸ் மலைநாட்டில், சால்ட்டி முற்றுகையின்போது, கல்லடுக்கி வைக்கோல் பரப்பிய படுக்கைகளுக்கு அருகே மண்டியிட்டு, ஈதர் மயக்கத்தில் அறுவை செய்தார். வலியின்றி அறுக்க முடியும் என்பதை மற்ற வீரர்கள் கண்ணால் கண்டு நம்பட்டும் என்றே அவர்கள் முன்னிலையில் அதனைச் செய்தார்.

ஆயினும் அவரை உண்மையில் சோதித்தது கிரிமியப் போரே. 1854 நவம்பரில் செவாஸ்தபோலை அடைந்தபோது, காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தனர். பிரபுக்களின் நடன மண்டபமே அறுவைக்கூடம். அங்கே மருத்துவர்கள் ஓலமிட்டு அழைத்தவனிடமெல்லாம் ஓடினர். ஓடியதால் எவரையும் முறையாகக் காக்க இயலவில்லை. குரல் எழுப்பவும் வலுவற்றவன் மூலையிலேயே மடிந்தான்.

பிரோகோவ் கத்தியை எடுக்கும் முன் வகைப்படுத்தலைத் தொடங்கினார். உடனே அறுத்தால் பிழைப்பவர் ஒருபுறம். மறுநாள்வரை பொறுக்கக்கூடியவர் ஒருபுறம். சிறு காயத்தினர் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியது. எது செய்தும் பிழைக்காதவரைச் செவிலியரிடமும் பாதிரியாரிடமும் ஒப்படைத்தார். நெப்போலியன் படையின் லாரே, பதவி பாராமல் காயத்தின் கடுமை பார்த்தே மருத்துவம் செய்ய வேண்டுமென முன்னரே நிலைநாட்டியிருந்தார். அது நீதி, ஏற்பது எளிது. பிரோகோவ் ஏற்றதோ அதனினும் கொடிய பொறுப்பு. மூச்சுள்ள மனிதனை, மூச்சிருக்கும்போதே, விலக்கி வைக்கும் பொறுப்பு அது. தோர்பத்தில் பிழை நேர்ந்தால் பிணத்தை ஆய்ந்து காரணம் கண்டு எழுதினார். இங்கே ஒரு நொடிப் பார்வையில் விலக்கப்பட்டவன் ஒருவேளை பிழைத்திருப்பானோ என்பதைச் சரிபார்க்க எந்த ஏடும் இல்லை. பிழைகளுக்குக் கணக்கெழுதியவரைக் கணக்கெழுத இயலாத தீர்ப்பைச் சொல்லும் இடத்தில் போர் நிறுத்திவிட்டது.

விலக்கியவரை அவர் கைவிடவில்லை என்பதை இங்கே வலியுறுத்த வேண்டும். தேறும் நம்பிக்கையற்றோர்க்கெனத் தனி வீடு ஒதுக்கப்பட்டது. பெருங்கோமகள் எலேனா பாவ்லவ்னா அமைத்த அருட்சகோதரியர் குழுவினர் அவர்களுக்கு நீரும் ஆறுதலும் தந்தனர். போர்முனைக்குப் பெண்கள் வருவதை அதிகாரிகள் பலர் எள்ளினர். பிரோகோவ் அச்சகோதரியரிடம் மருந்தையும் பண்டசாலையையும் நம்பி ஒப்படைத்தார். களவாடும் அலுவலருக்கு அது கசந்தது. அதே நகரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த டால்ஸ்டாய் அந்த மண்டபத்தைத் தம் எழுத்தில் நிலைபெறச் செய்தார்.

உறுப்பை வெட்டுவதைவிடக் காப்பதே மேல் என்ற கருத்து அவருள் வளர்ந்தது. சிற்பி ஒருவரின் பட்டறையில் கண்ட சாந்துப்பூச்சைக் கொண்டு முறிந்த எலும்புகளுக்குக் கட்டிட்டார். போரைக் காயங்களின் கொள்ளைநோய் என வரையறுத்து, அதில் கத்தியைவிட நிர்வாகமே உயிர் காக்கும் என 1864இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த நூலில் வாதிட்டார். அவருடைய பிற்காலப் பதவிகளை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1877இல், முதிய வயதிலும், பல்கேரியப் போர்முனைக்குச் சென்றார்.

1881இல் அவர் வாயில் புண் கண்டது. வியன்னாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பில்ரோத் அதைச் சோதித்தார். அறுவையால் பயனில்லை எனக் கண்டும், தீங்கற்ற புண் என்றே முதியவரிடம் கூறி அனுப்பினார். வின்னித்சாவை அடுத்த தம் ஊர் திரும்பிய பிரோகோவ் சில காலம் அதை நம்பினார். பின்னர் அது புற்றே எனத் தம் கைப்படக் குறித்துவைத்தார். வலிக்கிடையே எழுதிவந்த தன்வரலாற்றுக் குறிப்பு முடிவுறாமல் நிற்க, அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் காலமானார்.