அழுகிய பழத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் மலிவான தக்காளி சாஸ் தயாரான விதத்தைக் கேட்டால் வயிற்றைக் குமட்டும். பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் கழித்துப் போட்ட தோலும் அழுகல் துண்டுகளும் பீப்பாய்களில் சேர்ந்து புளித்துக் கிடக்கும். அதில் பென்ஸோயேட் என்ற ரசாயனத்தைக் கலந்தால் அழுகல் நிற்கும். சாயம் சேர்த்தால் பழுத்த நிறம் வரும். பிறகு அது அழகிய சீசாக்களில் கடைக்குப் போகும்.

இந்த மோசடிக்கு முடிவு கட்டப் போராடியவர் டாக்டர் ஹார்வி வாஷிங்டன் வைலி.

1844-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி இண்டியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். வைத்தியப் பட்டம் பெற்றாலும் ரசாயனத்திலேயே அவருக்கு நாட்டம். பர்டியூ பல்கலைக் கழகத்தில் ரசாயனப் பேராசிரியரானார். 1878-ல் ஜெர்மனி சென்று உணவைப் பரிசோதிக்கும் முறைகளைக் கற்றார். திரும்பி வந்து சர்க்கரைப் பாகுகளைச் சோதித்தபோது, பலவற்றில் மலிவான குளூக்கோஸ் கலந்திருப்பதைக் கண்டார். 1883-ல் வாஷிங்டனில் விவசாய இலாகாவின் பிரதம ரசாயன நிபுணரானார்.

விஷப் படை

உணவைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் தீங்கற்றவை என்று வியாபாரிகள் சாதித்தார்கள். வைலி 1902-ல் பன்னிரண்டு வாலிபர்களைத் திரட்டினார். பெரும்பாலோர் இலாகா குமாஸ்தாக்கள். மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. வெளியே எதையும் உண்ணக் கூடாது. சாப்பாட்டுடன் வெண்காரம், ஸாலிஸிலிக் அமிலம், பார்மலின் முதலியவை முறையே கொடுக்கப்பட்டன. அவர்களுடைய எடை, நாடி, உடல் சூடு யாவும் குறிக்கப்பட்டன. பலருக்குத் தலைவலியும் வயிற்று வலியும் கண்டன. பத்திரிகைகள் அவர்களுக்கு 'விஷப் படை' என்று பெயர் சூட்டின. இன்று இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது. ஆனால் அன்று நாட்டையே விழிக்க வைத்தது அதுதான்.

சட்டம் வந்தது

பல ஆண்டுகளாக மசோதாக்கள் தோற்று வந்தன. 1906-ல் அப்டன் சிங்க்ளேர், இறைச்சிக் கூடங்களின் அசுத்தத்தை ஒரு நாவலில் அம்பலப்படுத்தினார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு ஜூன் 30-ந் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1907 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது.

அழுகிய, அசுத்தமான பொருள் கலந்த உணவு கலப்பட உணவே என்றது சட்டம். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் சரக்கில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். கெட்டிருந்தால் கோர்ட்டில் வழக்கு. விசித்திரம் என்னவென்றால், இந்த வழக்கில் பிரதிவாதி வியாபாரி அல்ல; சரக்கேதான்! குற்றம் நிரூபணமானால் சரக்கு அழிக்கப்படும். தீர்ப்பை அச்சிட்டு ஊரறியச் செய்வார்கள்.

சாஸாக அரைத்த பின் அழுகலைக் கண்டுபிடிப்பது எப்படி? வைலியின் இலாகாவைச் சேர்ந்த ஹோவர்டு, பூதக்கண்ணாடியில் பூஞ்சக்காளான் இழைகளை எண்ணும் முறையை 1911-ல் வெளியிட்டார். எவ்வளவு சாயம் பூசினாலும் இழைகள் காட்டிக் கொடுத்துவிடும்.

எதிர்ப்பு

உலர்ந்த பழங்களில் கந்தகப் புகையின் அளவைக் கட்டுப்படுத்த முயன்றபோது கலிபோர்னியா வியாபாரிகள் எதிர்த்தார்கள், இலாகா பணிந்தது. சாக்கரின் விஷயத்தில் ரூஸ்வெல்ட்டே வைலியிடம் கோபம் கொண்டார். 1911-ல் ஒரு நிபுணரின் சம்பள விவகாரத்தில் வைலியை வெளியேற்றப் பார்த்தார்கள். ஜனாதிபதி டாப்ட் அவர்மீது குற்றமில்லை என்று தீர்த்தார். ஆனாலும் கைகள் கட்டப்பட்டிருப்பதை உணர்ந்த வைலி, 1912 மார்ச்சில் ராஜினாமா செய்தார். அதன்பின் ஒரு மாதப் பத்திரிகையின் சோதனைச் சாலையில் அமர்ந்து, இல்லத்தரசிகளுக்கு நல்ல உணவை அடையாளம் காட்டினார்.

1930 ஜூன் 30-ந் தேதி, சட்டம் கையெழுத்தான அதே நாளில், வைலி காலமானார். கலப்படக்காரர்களுக்குப் பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. அவரிடம் இருந்தவை சோதனைக் குழாயும் பிடிவாதமும்தான். அழுகிய சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை அமெரிக்க அரசாங்கம் பெற்றது அந்தப் பிடிவாதத்தால்தான்.