தமிழை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார்



முத்துக்குளித்துறையின் அப்போஸ்தலர் யார் என்று கேட்டால் ஞானோபதேச வகுப்புப் பிள்ளையும் புனித சவேரியார் என்று சொல்லிவிடும். அவருக்குப்பின் 50 ஆண்டுகளுக்கும் மேலாக நம் மக்களுக்கு உழைத்து, இம்மண்ணிலேயே உயிர்நீத்த அண்டிரிக் அடிகளாரை அறிந்தவர்களோ சிலரே. ஜூபிலி ஆண்டில் அவரை நினைவுகூர்வது நம் கடமையாகும்.

என்றிக்கே என்றிக்கஸ் என்னும் இயற்பெயர் கொண்ட அடிகளார் 1520-ம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா நகரில் பிறந்தார். அவர் யூத வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்தவர். அக்காலத்தில் அது பெரிய குறையாக எண்ணப்பட்டது. பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்த இளைஞர், பிறப்பின் காரணமாகவே அங்கிருந்து அனுப்பப்பட்டார். மனம் தளராமல் 1545-ல் இயேசு சபையில் சேர்ந்து, 1546-ல் கோவாவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

1535-ம் ஆண்டு தொடங்கிப் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் மறையை அவர்கள் மொழியில் விளக்க ஆள் இல்லை. சவேரியாரும் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துதான் கற்பித்தார். மற்றக் குருக்கள் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்தனர். பாவசங்கீர்த்தனத்திலும் இடையில் ஒருவர் நின்றால் மனச்சான்றின் இரகசியம் என்ன ஆகும்? இக்குறையை உணர்ந்த அடிகளார் இரவு பகலாகத் தமிழ் பயின்று, சில மாதங்களிலேயே பிறர் துணையின்றிப் பேசவும் போதிக்கவும் தொடங்கினார். இலத்தீன் இலக்கணம் போலத் தமிழின் வேற்றுமைகளையும் வினைகளையும் வரிசைப்படுத்தி, பின்வரும் குருக்களுக்காக ஓர் இலக்கணமும் எழுதினார்.

1549-ல் வேதாளையில் அருட்தந்தை அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டபின் இத்துறையின் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. 1553-ல் புன்னைக்காயல் பகைவர் கைப்பட்டபோது அடிகளாரும் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின்னும் இம்மக்களைவிட்டு அகலவில்லை. புன்னைக்காயலில் ஏழைகளுக்கென மருத்துவமனை நிறுவியவரும் இவரே.

அவர் செய்த செயற்கரிய செயல் தமிழ் அச்சுப் பணி. 1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்க நூல் வெளிவந்தது. இந்திய மொழி எழுத்துக்களில் அச்சான முதல் நூல் இதுவே. அதன் செலவுக்குப் பொருள் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள்! கடலில் மூச்சடக்கி முத்தெடுத்த உழைப்பு தமிழுக்கு அச்செழுத்தாயிற்று. 1579-ல் கொச்சியில் கிறீஸ்தியானி வணக்கமும், 1586-ல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வெளிவந்தன. முதுமையிலும் ஓயாது உழைத்த அடிகளார் 1600-ம் ஆண்டு புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். தூத்துக்குடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அன்பர்களே, இவ்வளவு பெருமைக்குரிய நூல்கள் இன்று எங்கே இருக்கின்றன? தம்பிரான் வணக்கத்தின் அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்திலும், இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் நகரிலும் கிடைத்தன. அருட்தந்தை தனிநாயகம் அடிகள் போன்றோர் தேடிக் கண்டதால், அருட்தந்தை இராசமாணிக்கம் சே.ச. பதிப்பித்த அடியார் வரலாறு 1967-ல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக மீண்டும் நம் கைக்கு வந்தது. நம் முன்னோர் காசு கொடுத்து அச்சிட்டதை அயலார் காத்து வைத்திருக்கிறார்கள். நாமோ கரையானுக்கும் உப்புக்காற்றுக்கும் விட்டுவிட்டோம்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய செபப் புத்தகமோ, வாசாப்பு ஏடோ, பாட்டன் காலத்துத் திருமணச் சீட்டோ, தோணிக் கணக்கோ இருக்கலாம். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பழைய தாளுக்கு எடைபோட்டு விற்றுவிடாதீர்கள். பங்குக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், பத்திரப்படுத்துவோம். பிறப்பால் ஒதுக்கப்பட்டும் நம்மைத் தம் மக்களாக ஏற்ற அந்தப் புண்ணியவானுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே. இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

பங்குத் தந்தை